கேட்டில் கழற்றச் சொல்லும் மழைக்கோட்டு: எங்கள் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் ஐயா அவர்களுக்கும், தாளாளர் அவர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களுக்கும்,

பள்ளி திறந்த கையோடு வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் நீங்கள் அனுப்பிய அறிவிப்பைப் பற்றி எழுதுகிறேன். மழைக்கோட்டு போட்டு வரும் மாணவர்கள் கேட்டுக்கு வெளியே அதைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் வளாகத்துக்குள் வர வேண்டும். வராண்டாவிலோ வகுப்பறையிலோ கோட்டு தொங்கக் கூடாது. சீருடை நிறத்தில் இல்லாத ஸ்வெட்டர், ஜாக்கெட் போட்டு வந்தால் பறிமுதல் செய்யப்படும், பெற்றோர் நேரில் வந்தால்தான் திருப்பித் தரப்படும் என்று அதில் இருந்தது. கடைசி வரியில், பிள்ளைகள் மழையில் நனையாமல் பள்ளிக்கு வருவதைப் பெற்றோர் உறுதி செய்ய வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள்.

மேலே சொன்ன மூன்று விதிகளும் இருக்கும்வரை அந்தக் கடைசி வரியை எந்தப் பெற்றோராலும் நிறைவேற்ற முடியாது. இதை நேரில் வந்து சொன்னேன். விதி எல்லாருக்கும் பொதுதானே என்று அலுவலகத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எழுதிக் கொடுத்த மனுவுக்கும் பதில் இல்லை. மழை நமக்காகக் காத்திருக்காது என்பதால் எல்லாரும் படிக்கும்படி எழுத வேண்டியதாயிற்று. பள்ளியின் பெயரை நான் எங்கேயும் சொல்லவில்லை. பள்ளியை இழிவுபடுத்துவது என் நோக்கம் இல்லை. நம் மாவட்டத்தின் மேற்கே வேறு சில பள்ளிகளிலும் ஏறக்குறைய இதே விதிதான் என்று பெற்றோர் சொல்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே இது.

நான் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில் தையல் கடை வைத்திருப்பவள். உங்கள் பள்ளிப் பிள்ளைகளில் பலருடைய சீருடை என் மிஷினில் தைத்ததுதான். வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. மகன் உங்களிடம் பத்தாம் வகுப்பு படிக்கிறான், மகள் எட்டாம் வகுப்பு. அளவு கொடுக்க வந்து நிற்கிற பிள்ளைகள் வீட்டில் சொல்லாததையெல்லாம் என்னிடம் சொல்வார்கள். நான் இங்கே எழுதுவதில் பாதி அவர்கள் சொன்னது.

முதலில் நம் ஊர் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னையிலும் மதுரையிலும் ஜூன் என்றால் வெயில். 2023இலும் 2024இலும் வெயில் தணியவில்லை என்று மாநிலம் முழுக்கப் பள்ளித் திறப்பைத் தள்ளி வைத்தார்கள். நமக்கு ஜூன் என்றால் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை. கேரளத்தில் மழை இறங்கினால் களியக்காவிளை எல்லையைத் தாண்டி இங்கே வர அதிக நேரம் எடுக்காது. அது செப்டம்பர் வரை. கொஞ்சம் மூச்சு விட்டால் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்து டிசம்பர் வரை. தமிழ்நாட்டில் இரண்டு பருவமழையும் சேர்த்து வாங்குகிற மாவட்டம் நம்முடையது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்தது இந்த மழையை நம்பித்தான். தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் மழை குறைவு, காற்று அதிகம். திருவட்டாறு, விளவங்கோடு பக்கம், அதிலும் மலையோரத்துக்கு வந்தால், காலையில் பிடித்த சாரல் சாயங்காலம் வரை விடாத நாட்கள் உண்டு. தையை விட்டால், மாசி பங்குனியை விட்டால், கல்வியாண்டில் பெரும்பகுதி நமக்கு மழைக்காலம்தான்.

அதற்கேற்பத்தான் மற்ற எல்லாம் இங்கே நடக்கிறது. பேச்சிப்பாறை அணையின் 48 அடியும் பெருஞ்சாணி அணையின் 77 அடியும் எந்த அளவுக்கு நிறைந்திருக்கிறது என்று தினம் செய்தியில் கேட்கிறோம். உபரித் தண்ணீர் திறந்தால் திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை வருகிறது. ஆற்றில் வெள்ளம் வந்தால் குழித்துறைச் சப்பாத்துத் தரைப்பாலத்தில் போக்குவரத்தை நிறுத்துகிறார்கள். என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் தோட்டத்தில் மழை பிடிப்பதற்கு முன்பே ஒவ்வொரு மரத்துக்கும் ரெயின்கார்டு ஒட்டிவிடுவார்கள். வெட்டுப்பட்டைக்கு மேலே தாரைப் பூசி, பிளாஸ்டிக்கைப் பாவாடைபோலச் சுருக்கி மரத்தைச் சுற்றிக் கட்டுவது. வெட்டிய இடம் நனையக் கூடாது, சிரட்டையில் பாலோடு மழைத்தண்ணீர் சேரக் கூடாது என்பதற்காக அவ்வளவு ஆள்கூலியும் செலவும். ரப்பர் மரத்துக்கு இந்த ஊர் இவ்வளவு செய்யும்போது, மழையில் நடந்து வருகிற பிள்ளைக்கு ஒரு கோட்டைத் தொங்கவிட ஆணி இல்லை என்று பள்ளி சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் பள்ளியில் கேட்டிலிருந்து மேல்வகுப்புக் கட்டடத்துக்கு மைதானத்தைக் கடந்துதான் போக வேண்டும். மேலே கூரை கிடையாது. மழை கொட்டும்போது கேட்டில் ஒரு பிள்ளை என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று ஒருநாள் நின்று பாருங்கள். நான் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் டிச் பட்டன்களைப் பிரித்துக் கோட்டைக் கழற்ற வேண்டும். அப்போதே சட்டையின் தோளும் முதுகும் நனைந்துவிடும். பிறகு முதுகுப்பையை இறக்க வேண்டும். கீழே சேறு, அதனால் இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்கிறான். கோட்டை உதறி மடக்க வேண்டும். பிளாஸ்டிக் கோட்டு அவ்வளவு லேசில் மடங்காது, காற்று பிடித்து உப்பிக்கொண்டு நிற்கும். அதை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு மறுகையால் ஜிப்பைத் திறக்க வேண்டும். திறந்த பைக்குள் மழை நேராக விழுகிறது. புத்தகத்துக்கு மேலே ஈரக் கோட்டைத் திணித்தால் ஜிப் மூடாது. பின்னால் நிற்கிற பிள்ளைகள் தள்ளுகிறார்கள். பெல் அடிக்கிறது. கேட்டில் நிற்கிற சார் சீக்கிரம், சீக்கிரம் என்கிறார். அப்புறம் கோட்டில்லாமல் மைதானத்தில் ஓட்டம். பஸ் ஸ்டாப்பிலிருந்து கேட்டு வரை நனையாமல் வந்த பிள்ளை, கேட்டிலிருந்து வகுப்புக்குள் போவதற்குள் முழுக்க நனைந்துவிடுகிறது.

மகனின் அறிவியல் ரெக்கார்டு நோட்டை மேசையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பைக்குள் வைத்த ஈரக் கோட்டிலிருந்து தண்ணீர் இறங்கி, நோட்டின் மேல் மூலை முழுக்க ஊறிப்போயிருக்கிறது. இதயத்தின் படம் பென்சிலில் வரைந்தது, அது தப்பித்தது. பாகங்களுக்குப் பேனாவால் எழுதிய பெயர்கள் எல்லாம் நீலமாகக் கலங்கி அடுத்த பக்கத்துக்கும் இறங்கிவிட்டது. வெயில் இல்லாததால் அடுப்புப் பக்கத்தில் வைத்துக் காயவைத்தேன். காய்ந்தபின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் கிழிகிறது. திரும்ப எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள், எழுதினான். அதன் பிறகு கோட்டைக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டான்.

“எம்மா, கேட்டுல நின்னு கழத்தி மடக்கதுக்குள்ள எப்படியும் நனஞ்சிரும். பின்ன எதுக்கு அதச் சொமக்கணும்?” என்று கேட்டான். “மக்களே, பஸ் வரதுவரைக்குமாவது போட்டுட்டு நில்லு” என்று சொன்னேனே தவிர, அவன் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது.

இந்த வயதுப் பிள்ளைகள் ஸ்டைல் பார்ப்பார்கள், நாம் என்ன சொன்னாலும் கோட்டு போட மாட்டார்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் ஓர் ஆசிரியர் சொன்னார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஏழாம் வகுப்புவரை அம்மா மாட்டிவிட்டதைப் போட்டுக்கொண்டு போன பிள்ளை எட்டு, ஒன்பதுக்கு வந்ததும் கண்ணாடியைப் பார்க்கத் தொடங்கிவிடும். பேன்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் குடுங்க அக்கா என்று என்னிடமே வந்து நிற்பார்கள். வாரிய தலையைக் கோட்டின் தொப்பி கலைத்துவிடுகிறது என்பது அவர்களுக்குப் பெரிய விஷயம். வகுப்பில் ஒருவன் மட்டும் போட்டு வந்தால் மற்றவர்கள் கேலி செய்வார்கள். அந்தக் கேலிக்குப் பயந்து நனைந்துகொண்டே வருகிற பிள்ளையைத் திட்டிப் பயனில்லை.

ஆனால் தலைமுடியும் கேலியும் மட்டும் காரணம் இல்லை ஐயா. பன்னிரண்டு பதின்மூன்று வயதுவரை கடையில் பிள்ளைகள் சைஸ் கிடைக்கும். அதற்குமேல் பெரியவர்கள் சைஸ்தான். ஒல்லியான பிள்ளைக்குத் தோள் முழங்கைக்கு இறங்கி நிற்கும், கை நீண்டு விரலை மூடும். முதுகுப்பைக்கு இடம் விட்டுத் தைத்த கோட்டு விலை கூடுதல். அது இல்லாவிட்டால் பைக்கு மேலே போட்ட கோட்டு முன்னால் ஏறி, முழங்காலிலிருந்து கீழே எல்லாம் நனையும். விலை குறைந்த பிளாஸ்டிக்கில் காற்றுப் போகாது. வேகமாக நடந்தால் உள்ளே வியர்த்து, வெளியே மழையும் உள்ளே வியர்வையுமாகச் சட்டை நனைந்துதான் போகும். கழுத்துக்குப் பின்னால் தொப்பியை ஒட்டிய இடம்தான் முதலில் பிய்யும், பிய்ந்தால் தண்ணீர் நேராக முதுகில் இறங்கும். கோட்டோடு பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் நிற்கிறவர்கள் சத்தம் போடுகிறார்கள், மேலெல்லாம் தண்ணி ஆக்காத என்று. இத்தனையையும் தாங்கிக்கொண்டு ஒரு பிள்ளை கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தால், அதைக் கேட்டில் நிறுத்திக் கழற்றச் சொல்கிறோம்.

போன வருடம் வேறு ஒரு பள்ளியின் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் ஐந்து பேர் சேர்ந்து என் கடைக்கு வந்தார்கள். ஐந்து பேர் கையிலும் ஒரே மாதிரி கருநீலக் கோட்டு. மாறிப்போகாமல் இருக்க உள்பக்கம் பேர் தைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். உங்க வயசுப் பிள்ளைகள் இதெல்லாம் போட மாட்டாங்களே என்று கேட்டேன். எங்க கிளாஸில் எல்லாரும் போடுவோம் அக்கா, பின்வராண்டாவில் கம்பி கட்டியிருக்காங்க, அதில் தொங்கவிட்டா சாயங்காலம் காஞ்சிரும் என்றார்கள். அவர்களும் தலைமுடியைப் பார்க்கிற பிள்ளைகள்தான், பேன்ட்டை இறுக்கச் சொல்கிறவர்கள்தான். அங்கே ஒரு கம்பி இருக்கிறது. இங்கே பறிமுதல் இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

பெண் பிள்ளைகளைப் பற்றி எழுதக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது. எழுதாமல் விடுவது அவர்களுக்குச் செய்கிற அநியாயம் என்பதால் எழுதுகிறேன். சுடிதார் டாப்புக்குத் தேர்ந்தெடுத்த துணி வெளிர் நிறம், மெல்லியது. நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ஓவர்கோட்டு மார்பை மறைக்கும், கையையும் இடுப்புக்குக் கீழேயும் மறைக்காது. நனைந்து வந்த நாளில் பையை முன்னால் அணைத்துக்கொண்டு, பீரியட் முடிந்தும் எழுந்து நிற்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கரும்பலகைக்கு வா என்று கூப்பிட்டால் தெரியாது சார் என்று பொய் சொல்லி உட்கார்ந்துகொண்டதாக ஒரு பிள்ளை என்னிடம் சொன்னாள். அவளுக்கு அந்தக் கணக்கு தெரியும். மாதவிடாய் நாளில் நனைந்து உட்கார்ந்திருப்பது எப்படி என்று உங்கள் பள்ளியிலேயே பணிபுரியும் ஆசிரியைகளைக் கேளுங்கள். சில பிள்ளைகள் இதற்காகவே மழை நாளில் லீவு போடுகிறார்கள். வருகைப் பதிவேட்டை எடுத்து மழை நாட்களில் ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவிகளின் பக்கத்தைப் பாருங்கள்.

மழையில் நனைந்தால் காய்ச்சல் வரும் என்ற வாதத்தை நான் வைக்கவில்லை. சளியும் காய்ச்சலும் கிருமியால் வருகிறது என்று மகனே பாடத்தில் படித்து எனக்குச் சொல்லித் தந்திருக்கிறான். நான் சொல்வது குளிரை. நனைந்த துணி உடம்பின் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். அசையாத காற்றைவிடத் தண்ணீர் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். துணி காய்வதற்குத் தேவையான சூட்டையும் உடம்பிலிருந்துதான் எடுக்கும். அதற்கு மேலே மின்விசிறி சுற்றினால் இன்னும் குளிரும். சீருடைத் துணி பாலியஸ்டர் கலந்தது, சீக்கிரம் காயும் என்பார்கள். மழைக்காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது எதுவும் சீக்கிரம் காயாது. மதியம் வரை தோளைக் குறுக்கி, கையை அக்குளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு முக்கோணவியல் எப்படி ஏறும்? வீசிங் உள்ள பிள்ளைகளுக்குக் குளிர்காற்று பட்டாலே இழுப்பு கூடும். சாயங்காலம் நனைந்த ஷூவைக் கழற்றினால் விரல் இடுக்கெல்லாம் வெளுத்து ஊறிப்போயிருக்கிறது. அடுத்த நாள் அதே ஈர ஷூ. சேற்றுப்புண் வந்து நொண்டுகிற பிள்ளைக்கும் ஷூ கட்டாயம்.

நீங்கள் சொல்லும் காரணங்களையும் யோசித்துப் பார்த்தேன். வராண்டா டைல்ஸில் கோட்டுத் தண்ணீர் சொட்டிப் பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள் என்றீர்கள். அது நியாயமான கவலை. ஆனால் கோட்டைக் கழற்றி நனைந்து வருகிற நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் சட்டையிலிருந்தும் பாவாடையிலிருந்தும் அதே தண்ணீர்தான் சொட்டுகிறது. தண்ணீர் ஒரே இடத்தில் சொட்ட வேண்டும் என்றால் கோட்டு ஒரே இடத்தில் தொங்க வேண்டும். பின்பக்க வராண்டாவின் ஓரத்தில், கூரைத் தண்ணீர் விழுகிற ஓடைக்கு நேரே ஒரு கம்பி கட்டினால் சொட்டுவது எல்லாம் ஓடையில் விழும். வாசலில் நாலு கயிற்று மிதியடி போட்டால் போதும். கயிறு திரிக்கிற மாவட்டம் இது, மிதியடிக்கு வெளியூர் போக வேண்டாம்.

கோட்டுக்குள் மொபைல் ஒளித்து வருகிறார்கள் என்பது அடுத்த காரணம். மொபைல் பைக்குள்ளும் வரும், டிபன் டப்பாவுக்குள்ளும் வரும். அதற்காகக் கோட்டைத் தடுக்க முடியாது.

ஸ்வெட்டர் நிறம் பற்றிச் சொன்னது எனக்கு வருத்தம் தந்தது. ஏழை பணக்காரன் என்ற வேறுபாடு தெரியக் கூடாது என்பதற்குத்தான் சீருடை என்றீர்கள். சரி. ஆனால் சீருடை நிறத்தில் ஸ்வெட்டர் நம் சந்தையில் கேட்டவுடன் கிடைப்பது இல்லை. தனியாகச் சொல்லி வாங்க வசதி வேண்டும். வசதி இல்லாத பிள்ளை அண்ணனின் பழைய ஜாக்கெட்டையோ, வளைகுடாவிலிருந்து மாமா கொண்டுவந்த சட்டையையோ போட்டுக்கொண்டு வருகிறது. பறிபோவது அந்தப் பிள்ளையின் ஜாக்கெட். அதைத் திரும்ப வாங்க முந்திரி ஆலைக்குப் போகிற ஒரு தாய் அன்றைய கூலியை விட்டுவிட்டு உங்கள் அலுவலக வாசலில் நின்றிருந்தாள். மழையில் கோட்டுக்கும் ஜாக்கெட்டுக்கும் நிறம் பார்த்தால், அடி வாங்குவது எந்த வேறுபாடு தெரியக் கூடாது என்று நினைக்கிறோமோ அந்த வீட்டுப் பிள்ளைகள்தான்.

அரசின் திட்டத்திலும் இந்த வயதுதான் விடுபட்டு நிற்கிறது. மலைப்பகுதிகளில் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் எட்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, பூட்ஸ், சாக்ஸ் விலையில்லாமல் கொடுக்கிறார்கள். மழைக்கோட்டு கல்விக்குத் தேவையான பொருள் என்று அரசே ஒத்துக்கொண்ட பிறகு, ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் அந்தத் தேவை தீர்ந்துபோகுமா? மலையோரக் குடியிருப்புகளிலிருந்து மேல்வகுப்புக்காகக் கீழே இறங்கி வருகிற பிள்ளைகளுக்குத்தான் நடையும் பஸ்ஸும் அதிகம். பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்காரப் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து படிக்க வருகிற பிள்ளைகள் எவ்வளவு தூரம் மழையில் நடக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பதினோராம் வகுப்பில் சைக்கிள் தருகிறார்கள், நல்ல விஷயம். அந்த சைக்கிளில் மழையில் குடை பிடித்துக்கொண்டு ஒரு கையால் ஓட்டி வருகிற பிள்ளைகளை மார்த்தாண்டம் சாலையில் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. பஸ்ஸும் டெம்போவும் உரசிக்கொண்டு போகிற சாலை அது. பைக்கின் பின்னால் உட்கார்ந்து குடை விரிக்கிற பிள்ளைகளும் உண்டு. காற்று குடைக்குள் புகுந்தால் ஆளையே இழுத்துவிடும். கோட்டு போடுகிற பழக்கம் வந்தால் இந்தக் குடைகள் மடங்கும்.

ஆகவே நான் கேட்பது இவைதான்.

கேட்டுக்கு வெளியே கோட்டைக் கழற்ற வேண்டும் என்ற விதியை இந்த வாரமே நிறுத்துங்கள். பிள்ளைகள் வகுப்பறை வாசல்வரை கோட்டோடு வரட்டும். ஒவ்வொரு கட்டடத்தின் பின்வராண்டாவிலும் கோட்டு தொங்கவிடக் கம்பியும் கொக்கியும் அமையுங்கள். அதற்குப் பள்ளியில் நிதி இல்லை என்றால் பெற்றோரிடம் கேளுங்கள். என் பங்கைத் தருவேன், என்னைப் போல் தரத் தயாராக இருக்கிற பெற்றோரைத் தெரியும். வெல்டிங் வேலை பார்க்கிற தகப்பன்மார் உங்கள் பள்ளியிலேயே பல பேர் இருக்கிறார்கள். கோட்டு மாறிப்போகும் என்ற கவலை இருந்தால், கொண்டுவருகிற எல்லாப் பிள்ளைக்கும் உள்பக்கம் பேரும் வகுப்பும் என் கடையில் கூலி வாங்காமல் தைத்துத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கொண்டுவந்தால் போதும்.

ஜூனிலிருந்து டிசம்பர் வரை மழைக்கோட்டுக்கும் ஸ்வெட்டருக்கும் நிறக் கட்டுப்பாடு வேண்டாம். இதுவரை பறித்து வைத்திருப்பதைப் பிள்ளைகள் கையிலேயே திருப்பிக் கொடுங்கள், அதற்காகப் பெற்றோரை வரவழைக்க வேண்டாம். மழை நாளில் ஷூவுக்குப் பதில் செருப்பு போட்டு வர அனுமதியுங்கள். மாணவிகளுக்கு மாற்றிக்கொள்ள ஓர் அறையும், அவசரத்துக்கு எடுத்து உடுத்த சில சீருடைகளும் பள்ளியில் இருக்க வேண்டும். பழைய சீருடைகளை வாங்கித் துவைத்து, கிழிசல் தைத்துக் கொடுக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த ஆண்டு சுடிதார் டாப்புக்குத் துணி எடுக்கும்போது, ஒரு துண்டை நனைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு எடுங்கள். தேர்வுக் குழுவில் ஆசிரியைகளும் தாய்மாரும் இருக்கட்டும்.

கோட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளையே கேட்டுத் தீர்மானியுங்கள். அவர்களே பேசி முடிவு செய்ததை அவர்களே கேலி செய்ய மாட்டார்கள். ஆசிரியர்களும் பைக்கில் கோட்டு போட்டு வந்து அதே கம்பியில் தொங்கவிட்டால் பாதிக் கேலி அன்றே அடங்கும்.

நம் மாவட்டத்து மலையோரப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை உள்ள மாணவர்களுக்கும் விலையில்லா மழைக்கோட்டு தர வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் கழகம் தீர்மானம் போட்டு, முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்ப வேண்டும். தீர்மானத்தை எழுதிக் கொடுக்கவும் கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போகவும் நான் தயார்.

இவற்றில் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்று அந்த அறிவிப்பு வந்த அதே வாட்ஸ்அப் குழுக்களில் எழுத்தில் பதில் போடுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டம்வரை இதைத் தள்ளி வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு மாணவனுக்கும் எட்டாம் வகுப்பு மாணவிக்கும் தாய்,
குலசேகரம் பக்கம், கன்னியாகுமரி மாவட்டம்